சாமி வழக்கு

நீங்கள் உட்காரப்போகிற நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் துண்டை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறேன். பெருக்குகிறவர் அதை எடுத்து எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எறிந்துவிட்டால் நாற்காலி இடதுபக்கம் சாயும். ஆசிரியர்கள் வந்து உட்காரும் பக்கம் அது. மாணவர்கள் தப்பாக நினைத்துக்கொள்வார்கள்.

ஐம்பத்தைந்து வயதானவனை வீட்டுக்கு அனுப்புவது வழக்கம் என்று என்னையும் அனுப்பிவிட்டார்கள். பல்லெல்லாம் சொந்தப் பல், காதும் கேட்கிறது. என் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட உங்கள் இருவரில் யாராவது வந்து ஏதாவது கேட்பீர்கள் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். வரவில்லை. சரி, கேட்காதவர்களுக்குச் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, இருபது வருஷம் வரலாறு நடத்தியவன்.

மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வரும் தகராறைத் தீர்த்துவைக்க நான் எப்படித் தேர்வானேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திறமையால் அல்ல. பயம் வந்தால் சிலருக்கு வேர்க்கும், சிலருக்குக் கை நடுங்கும். எனக்கு விக்கல் வரும். ஒருநாள், தாமதமாக வந்த பையன்களை வெளியே நிற்கவைத்துக் கதவைச் சாத்திவிட்டார் ஓர் ஆசிரியர். கல்லூரியே முதல்வர் அறைமுன் திரண்டுவிட்டது. "யாராவது போய்ப் பேசுங்களேன்" என்றார் முதல்வர். எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். நான் மட்டும் அப்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்ததால் நகரவில்லை. முன்னால் நின்றவன் நானாகிவிட்டேன். பெஞ்சுமேல் ஏறி, "மாணவ நண்பர்களே" என்று தொடங்குவதாக எண்ணம். "மா" என்றேன், விக்கல். மறுபடியும் "மா" என்றேன், விக்கல். பின்னாலிருந்து ஒருத்தன் "கன்னுக்குட்டியப் புடிச்சுக் கட்டுங்கடா!" என்று கத்தினான். கூட்டம் சிரித்துக் கலைந்துவிட்டது. "எப்படி அமைதிப்படுத்தினார் பார்த்தீர்களா!" என்று முதல்வர் வியந்தார். மறுநாளிலிருந்து நாற்காலி என்னுடையது.

எனக்கு முன்னால் அதில் இருந்தவர் ஓய்வு பெற்றுப் போகும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கய்யா. பேச ஆளில்லாதப்ப வெளியே பார்த்துக்கிட்டு இருக்கலாம்." என் வாய்க்கே பேச ஆளில்லாமல் போகுமா என்று நினைத்துச் சிரித்தேன். ஜன்னலோரம் போட ஆறு மாதம் ஆயிற்று.

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்த ஒரு தகராறை மட்டும் சொல்கிறேன். மற்றவையெல்லாம் விடுதிச் சாம்பாரில் புழு, செய்முறைத் தேர்வில் மதிப்பெண், இப்படித்தான் இருக்கும். அவை உங்களுக்கே வந்து சேரும்.

அந்த வருஷம் கணிதத்துக்கு அருளப்பன் என்று ஓர் இளம் விரிவுரையாளர் வந்து சேர்ந்தார். ஆத்தூருக்குக் கிழக்கே ஏதோ ஒரு மாதாகோயில் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். முப்பது வயதிருக்கும். நன்றாக நடத்துவார், அதிகம் பேசமாட்டார். ஆசிரியர் அறையில் தேநீர் வரும் நேரம் பார்த்து எழுந்து போய்விடுவார். நான் எறியும் வேடிக்கைக்கு எல்லோரும் சிரிப்பார்கள், அவர் மட்டும் கரும்பலகையைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பார். வருகைப் பதிவு எடுக்கும்போது பழனிச்சாமியைப் 'பழனி' என்பார், முத்துச்சாமியை 'முத்து' என்பார். நேரத்தை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். கணக்கு வாத்தியார் அல்லவா.

இறுதியாண்டு வகுப்பில் செங்கோடன் என்று ஒரு பையன். திருச்செங்கோட்டை ஒட்டிய தோட்டத்துப் பிள்ளை. கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். குரல் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் மெதுவாக வரும். ஒரு வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக்கணக்குச் செய்யாமல் வந்திருக்கிறான். அருளப்பன் சத்தம் போட்டிருக்கிறார். அவன் எழுந்து ஏதோ சொல்லியிருக்கிறான். வகுப்பு சிரித்திருக்கிறது. அருளப்பன் சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு நேராக முதல்வர் அறைக்குப் போய், "என்னைக் கேவலப்படுத்திவிட்டான். அவன் இருக்கும் வகுப்பில் நான் இருக்கமாட்டேன்" என்று புகார் கொடுத்துவிட்டார்.

முதல்வர் தீர்ப்பை ஒரே வாக்கியத்தில் முடித்தார். திங்கட்கிழமை காலைக்குள் வகுப்பின் முன்னால் மன்னிப்பு, இல்லையென்றால் நடத்தை சரியில்லை என்று எழுதி மாற்றுச் சான்றிதழ். பல்கலைக்கழகத் தேர்வு வாசலில் நிற்கிறது. அந்தச் சான்றிதழோடு போனால் எந்தக் கல்லூரியும் உள்ளே விடாது. பையனின் படிப்பு அன்றோடு சரி.

நான் அருளப்பனிடம் போனேன்.

"அவன் என்ன சொன்னான் சார்?"

"என்னை எப்படிக் கூப்பிட்டான்னு அவனையே கேளுங்க."

"நீங்க சொன்னா விசாரிக்க வசதியா..."

"அந்த வார்த்தைய என் வாயால சொல்லமாட்டேன்."

அவ்வளவு மோசமான சொல்லா! எனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் மனத்துக்குள் ஓடவிட்டுப் பார்த்தேன். சேலத்து லாரிப் பட்டறைகளின் புண்ணியத்தில் என் சேமிப்பு சிறியதல்ல. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விக்கல் வந்தது.

செங்கோடனைக் கூப்பிட்டேன்.

"நான் ஒண்ணுமே சொல்லலீங்க. கணக்கு போட்டுட்டு வரலீங்க, அவரு சத்தம் போட்டாருங்க. கோவிச்சுக்காதீங்கன்னு சொன்னனுங்க. அவ்வளவுதானுங்க."

"பின்ன பசங்க எதுக்குடா சிரிச்சாங்க?"

"நான் வாயத் தொறந்தாலே சிரிப்பானுங்க. கொளந்தையக் கொஞ்சற மாரிப் பேசறன்னு கேலி பண்ணுவானுங்க."

"அதுக்கு மேல ஒரு வார்த்தைகூட இல்லையா?"

"மலைமேல ஆணையாச் சொல்றனுங்க."

வகுப்பில் முன்வரிசை, பின்வரிசை எல்லோரையும் கேட்டேன். "கோவிச்சுக்காதீங்கன்னுதானுங்க சொன்னான்." எல்லோர் வாயிலும் அதே வாக்கியம். இப்படி ஒத்துப்போகிற சாட்சியை எந்த வக்கீலும் நம்பமாட்டான். நானும் நம்பவில்லை.

"என்னமோ நடந்துபோச்சு, மன்னிப்புக் கேட்டுடேன்டா" என்றேன்.

"கேக்கச் சொன்னாக் கேக்கறனுங்க. எதுக்குன்னு சொல்லுங்க. எதுக்குன்னே தெரியாமக் கேட்டா, நான் என்னமோ அசிங்கமாச் சொன்னதா ஆயிடுமில்லீங்களா? அப்பறம் எங்கப்பன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

அவனை விடுதிக்கு அனுப்பிவைத்தேன். விடுதியில் திங்கட்கிழமை வேலைநிறுத்தம் என்று பேசிக்கொண்டார்கள். ஆசிரியர்கள், பையன் மன்னிப்புக் கேட்காவிட்டால் தாங்களும் வகுப்புக்குப் போகப்போவதில்லை என்றார்கள். இரண்டு பக்கமும் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

சனிக்கிழமை மாலை அருளப்பனின் அறைக்குப் போனேன். ஒரு கட்டில், சுவரில் ஒரு சிலுவை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. தம்ளர் ஒன்றே ஒன்றுதான். எனக்குக் காபி கொடுத்துவிட்டு, நான் குடித்து முடித்ததும் அதைக் கழுவித் தமக்கு ஊற்றிக்கொண்டார். அந்தத் தம்ளருக்கு என்னைத் தவிர வேறு விருந்தாளி வந்ததில்லை என்று தெரிந்தது. என் மனைவியும் பிள்ளைகளும் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் காட்டோடு இருந்தார்கள். நான் விடுதியில் தனி அறை. என் அறையில் தம்ளர் இரண்டு. ஒருபடி மேல் என்று தேற்றிக்கொண்டேன்.

என்ன பேசியும் அவர் அசையவில்லை. கடைசியில் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, நம் பக்கத்தில் யாரும் சொல்வதுபோல் சொன்னேன். "சரி, வாரேன் சாமி."

அவர் கையிலிருந்த தம்ளர் கீழே விழுந்தது.

"நீங்களுமா?" என்றார். "உங்களுக்கு யார் சொன்னாங்க? ஊர்லருந்து யாராவது வந்தாங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒன்றும் புரியாதபோது வாயை மூடிக்கொண்டு நிற்பது என் வாழ்க்கையில் அதற்கு முன் நடந்ததில்லை. அன்று விக்கல் வந்து வாயை அடைத்துவிட்டது. அந்த அமைதியில் அவராகவே சொன்னார்.

சின்ன வயதிலேயே அவரைக் குருமடத்தில் சேர்த்திருக்கிறார்கள், பாதிரிச் சாமியாராவதற்கு. விடுமுறைக்கு வந்தால் பங்கே 'சின்ன சாமி' என்று கூப்பிடுமாம். பெற்ற தாயும் சாமி என்றுதான் கூப்பிடுவாராம். குருப்பட்டம் பெறக் கொஞ்ச காலம் இருக்கும்போது, தமக்குக் கடவுளின் அழைப்பு இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

"தெருவுல போனா பசங்க பின்னாலயே வருவாங்க. 'ஸ்தோத்திரம் சாமி, பூசை எத்தனை மணிக்கு சாமி?'ன்னு. அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். எங்கம்மா அதுக்கப்பறம் என்னை எந்தப் பேர் சொல்லியும் கூப்பிடலை. சோறு போட்டாலும் தட்டைத் தள்ளிவைப்பாங்க, அவ்வளவுதான். இந்த ஊர்ல யாருக்கும் தெரியாதுன்னு நிம்மதியா இருந்தேன். நேத்து இந்தப் பையன் எல்லார் முன்னாலயும் 'கோவிச்சுக்காதீங்க சாமி'ங்கறான். வகுப்பே சிரிக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை சாட்சிகளும் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்கள். 'சாமி' என்பது எங்கள் காதில் ஒரு சொல்லாகவே விழுவதில்லை. 'ங்க' மாதிரி அது பேச்சோடு ஒட்டிவரும் ஒரு மூச்சு. வகுப்பில் எல்லோரையும் 'சார்' என்பவன்தான் செங்கோடனும். பயந்த நேரத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. கிழக்கேயிருந்து வந்து யாரோடும் பழகாத அருளப்பனுக்கு இந்தப் பேச்சு தெரியாது. வளர்ந்த வாத்தியாரைக் குழந்தையைத் தேற்றுவதுபோல் தேற்றினான் என்று பையன்கள் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

இதையெல்லாம் அவரிடம் விளக்கினேன். "பெரியவங்களையும் சாமிம்போம், கைக்குழந்தையையும் சாமிம்போம். பிரியமான சொல்லுங்க."

அவர் என்னைக் கரும்பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீங்க எப்பவும் எதையாவது ஜோடிச்சுச் சொல்ற ஆளு சார். இதையும் இப்பத்தான் ஜோடிச்சீங்க."

தம்பிகளே, வேடிக்கைக்காரனுக்கு இதுதான் கூலி. வருஷம் பூராவும் இட்டுக்கட்டிச் சிரிக்கவைத்துவிட்டு, ஒரே ஒரு நாள் உண்மையைச் சொன்னால் விலைபோகாது.

"நாளைக்குப் பூசை முடிஞ்சதும் என்னோட திருச்செங்கோட்டு பஸ்ல வாங்க. நான் வாயே திறக்கலை. நீங்களே கேட்டுக்குங்க" என்றேன். வருவதாகச் சொன்னார். ஆனால் குருமட விஷயம் யாருக்கும் போகக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். செய்து கொடுத்தேன்.

மறுநாள் பஸ் ஏறினோம். பிறந்ததிலிருந்து என் காதை அடைத்துக் கிடந்த அந்தச் சொல், அன்றைக்குப் பார்த்து ஊரைவிட்டே போய்விட்டது. கண்டக்டருக்கு யார்மீதோ கோபம். "நவுரு, நவுரு" என்பதோடு சரி. முன்சீட்டு அம்மாள் தூங்கிவிட்டார். பக்கத்து ஆள் வெற்றிலை போட்டு வாயைப் பூட்டிக்கொண்டார். அருளப்பன் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். 'பாத்து சாமி' என்றாவது சொல்லமாட்டாரா என்று வெற்றிலைக்காரர் காலை நன்றாக மிதித்தேன். அவர் எச்சிலைத் துப்பிவிட்டு, "கண்ணு என்ன பொடனிலயா இருக்குது?" என்றார்.

பிடரியில் இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும், அருளப்பன் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். விக்கல் ஆரம்பித்துவிட்டது.

கடைசி வழியாக, செங்கோடனின் தோட்டத்துக்கே அவரை நடத்திக் கூட்டிப்போனேன். அவன் விடுதியில்தான் இருந்தான். அவனுடைய அப்பா கிணற்றடியில் கன்றுக்குட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். மகனைப் போலவே உயரம், அதே மெதுவான குரல். என்னைத் தெரியும். அருளப்பனைக் காட்டி, "இவரும் நம்ம காலேஜுதானுங்க" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் மூன்று முறை விக்கிவிட்டேன்.

"அடடா, வெயில்ல வந்தீங்களாட்டம் இருக்குது" என்றவர், வழியை மறித்த கன்றை முழங்கையால் ஒதுக்கினார். "அக்கட்டால போ சாமி." வீட்டுப்பக்கம் திரும்பிச் சின்ன மகளைக் கூப்பிட்டார். "சொம்புல தண்ணி மோந்துக்கிட்டு வா சாமி." தண்ணீர் வந்தது. எனக்கு ஊற்றிவிட்டு அருளப்பனிடம் சொம்பை நீட்டினார். "நீங்களும் குடிங்க சாமி."

கன்றுக்குட்டி, குழந்தை, கணித விரிவுரையாளர். மூன்று பேருக்கும் ஒரே சொல், ஒரே குரல்.

அருளப்பன் சொம்பை வாங்கினார். குடிக்கவில்லை.

"எம்பையன் விசயமா வந்தீங்களா? நேத்தே சேதி வந்துச்சுங்க" என்றார் அப்பா. "அந்த வாத்தியாரு ரொம்பக் கோவக்காரருங்களா? அவுரு நல்ல மனுசராத்தான் இருப்பாரு. இவன் என்ன சொன்னான்னுதான் தெரியலீங்க. ஊட்ல அதிர்ந்து பேச மாட்டான். அவுரு கால்ல வேணாலும் உளுந்து எந்திரிச்சர்றேன், பரிச்ச எளுத உட்டாங்கன்னாப் போதும்."

எனக்கு விக்கல் நின்றுவிட்டது. பயம் உச்சத்துக்குப் போனால் நின்றுவிடும் என்று அன்றுதான் தெரிந்தது.

அருளப்பன் மெதுவாகக் கேட்டார். "உங்க பையன் உங்களை எப்படிக் கூப்பிடுவாரு?"

"என்னையுங்களா?" அவர் சிரித்தார். "என்னமாச்சும் கோவம்னா அப்பாம்பானுங்க. பிரியமா இருந்தாச் சாமிம்பான்."

அருளப்பன் சொம்பை அண்ணாந்து குடித்தார். தண்ணீர் முகத்திலெல்லாம் வழிந்தது. துடைத்துக்கொள்ள நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, "உங்க பையன் பரீட்சை எழுதுவாருங்க" என்றார். தாம் யார் என்று சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் ஏறுகிற ஒவ்வொருவரையும் சாமி, சாமி என்று அழைத்துக்கொண்டே வந்தார். தேவையில்லாத நேரத்தில் அள்ளி இறைத்தார். அருளப்பன் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். உங்கள் வேலை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

திங்கட்கிழமை முதல்வர் அறையில் துறைத்தலைவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே மாணவர்கள். அருளப்பன், "புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்றார். "ஏன்?" என்றார் முதல்வர். அருளப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "அவன் சொன்ன வார்த்தைதான் என்ன?" என்றார் முதல்வர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தச் சொல்லைச் சொன்னால், 'சாமி என்றதற்கா இவ்வளவு கோபம்?' என்று அடுத்த கேள்வி வரும். அதற்கடுத்த கேள்வி ஆத்தூர் வரைக்கும் போகும். சொல்லாவிட்டால், காரணமில்லாமல் ஒரு மாணவனை விரட்டப் பார்த்தவர் என்ற பெயர் அருளப்பனுக்கு. யோசிக்க ஒரு விக்கல் அளவு நேரம்தான் இருந்தது.

"வார்த்தையே இல்லீங்க சார்" என்றேன். "பையன் வேற எவனையோ பாத்துப் பேசினதை இவர் தன்னைன்னு நினைச்சுட்டார். வெள்ளிக்கிழமையே விசாரிச்சுச் சொல்லியிருக்கணும். நான்தான் அரைகுறையா விசாரிச்சுப் பெருசாக்கிட்டேன்."

"உம்மை இந்த வேலைக்குப் போட்டேன் பாரும்!" என்றார் முதல்வர்.

செங்கோடன் தேர்வு எழுதினான். மாணவர்கள் தங்கள் வேலைநிறுத்த மிரட்டலுக்குத்தான் வெற்றி என்று கொண்டாடினார்கள். ஆசிரியர்களோ, மாணவர்களுக்குப் பயந்து ஓர் அப்பாவி விரிவுரையாளரை நான் மிரட்டிப் பணியவைத்தேன் என்று முடிவு கட்டினார்கள். அன்று தேநீர் வேளையில் நான் போய் உட்கார்ந்ததும் இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலியாயின. ஒரு வேடிக்கை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நல்ல வேடிக்கைதான். இப்போதும் நினைவிருக்கிறது.

அருளப்பனாவது வருவார் என்று பார்த்தேன். அவர் என்னைக் கண்டால் வேறு நடை வழியாகப் போனார். இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தன் ரகசியத்தை உங்களிடம் சொன்னவர் அதற்குப்பின் உங்களோடு சேர்ந்து காபி குடிக்கமாட்டார். உங்கள் முகத்தைப் பார்த்தாலே அது அவருக்கு ஞாபகம் வரும். அவர்மீது குறையில்லை. என் மனைவியிடமாவது சொல்லலாமென்றால், அது மஞ்சள் மண்டி வரைக்கும் போய்விடும். அந்த வாரம்தான் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டேன். சிரட்டைத் துண்டும் அன்றைக்கு வைத்ததுதான்.

விடைபெற வந்த செங்கோடன் கேட்டான். "நான் என்ன தப்புதானுங்க பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலைடா. போய்ட்டு வா."

வாசல்வரை போனவன் திரும்பி, "ஒண்ணு கவனிச்சீங்களா? அன்னையிலருந்து அருளப்பன் சார் எல்லாரையும் முளுப்பேர் சொல்லிக் கூப்பிடறாருங்க. பளனிச்சாமி, முத்துச்சாமின்னு இளுத்து இளுத்து" என்றான்.

"அப்படியா?" என்று ஆச்சரியப்பட்டேன். நன்றாக நடிப்பேன்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து அருளப்பன் வேறு ஊர்க் கல்லூரிக்குப் போனார். கிளம்பும் அன்று, பஸ் நிலையத்துக்கு வரமுடியுமா என்று ஆள் அனுப்பினார். போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"எனக்குக் கல்யாணம் சார். பொண்ணு வீட்ல குருமடத்து விஷயத்தைச் சொல்லிட்டேன். 'அதனால என்ன?'ன்னு கேட்டாங்க. அம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க. இனிமே ஒளிக்க ஒண்ணுமில்லை. நீங்க யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்கலாம். உங்களுக்குக் கெட்ட பேர் வந்தது எனக்குத் தெரியும்."

பஸ் நகர்ந்தது. அவர் தலையை வெளியே நீட்டி, கிழக்கத்தி நாக்கால் எங்கள் பேச்சைக் கொஞ்சம் சிரமப்பட்டு உச்சரித்தார். "வாரேன் சாமி!"

சொல்லலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது. யாரிடம் சொல்வது என்று திரும்பிப் பார்த்தேன். முதல்வர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அன்று என் வேடிக்கைக்குச் சிரிக்காதவர்களில் பாதிப்பேர் வேறு வேறு ஊர்களில் இருந்தார்கள். மீதிப்பேருக்கு அப்படி ஒரு தகராறு நடந்ததே மறந்துவிட்டது. செங்கோடன் எந்த ஊரில் இருந்தானோ. பஸ் நிலையம் முழுக்க ஆட்கள். நான் நடுவில் நின்று விக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு முறை அது பயத்தால் வந்ததல்ல.

அடுத்த பஸ்ஸின் கண்டக்டர் என் தோளைத் தொட்டு நகர்த்தினார்.

"ஏறறதுன்னா ஏறுங்க சாமி. இல்லாட்டி அக்கட்டால போங்க. நடுவுல நின்னுக்கிட்டு..."